பொருள் எண் பதினொன்று

குன்னூர் நகர்மன்றம், பிற்பகல் மூன்றரை.
பொருள் எண் பத்து, மார்க்கெட் சாக்கடை, ஒருமனதாக.
அடுத்ததை வாசித்தேன்:
'அளவுக்கு மீறிச் சத்தமிடும் இருசக்கர வாகனங்களை
நகர எல்லைக்குள் தடுப்பது குறித்து.'
வாசிப்பது என் வேலை. அப்புறம்
யார் என்ன சொன்னார் என்று எழுதுவது.

முதல் சண்டை வண்டியைப் பற்றி இல்லை, சொல்லைப் பற்றி.
சத்தம் என்றால் கோயில் மணியும் சத்தம்தானே
என்றார் எட்டாவது வார்டு.
ஒலி என்று போடுங்கள், கௌரவமாக இருக்கும்.
ஓசை? அது செய்யுளுக்கு.
இரைச்சல் என்றார் ரோசலின்,
பிரசவ வார்டில் இருபது வருஷம் நர்ஸ்,
அதற்கு வேறு பெயர் இல்லை.
நான்கையும் எழுதி மூன்றை அடித்தேன்,
அடித்ததில் ஒன்றைத் திரும்ப எழுதினேன்.

லாட்ஜ் சங்கத்துக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்:
சனி ஞாயிறு கோயம்புத்தூர்ப் பசங்கள் படபடவென்று ஏறி வந்தால்தான்
பெட்ஷீட் துவைக்கிறவளுக்குக் கூலி,
எனக்காகச் சொல்லவில்லை.

பிறந்து ஆறு மணி நேரமான பிள்ளை, என்றார் ரோசலின்,
அந்தப் பசங்கள் ஜன்னலுக்கு வெளியே கியர் மாற்றினால்
ரெண்டு கையையும் விரிக்கிறது,
எங்கிருந்தோ விழுகிற மாதிரி.
படுத்திருப்பது தொட்டிலில்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பேசாததை எழுத படிவத்தில் இடம் கிடையாது.

பெள்ளி கவுடர் மாவுக்கட்டுப் போட்ட காலை
பக்கத்து நாற்காலிக்கு ஏற்றினார்.
பேட்டரி ஸ்கூட்டர், ஐயா. மூடுபனியில் பூனை மாதிரி வந்தது.
கொஞ்சம் கத்தியிருந்தால் ஒதுங்கியிருப்பேன்.
காட்டெருமை ஒதுங்காது, என்றார் வனக்காப்பாளர்,
அது திரும்பி நிற்கும்.

மெக்கானிக் சிராஜுதீனை அழைத்திருந்தார்கள்.
சைலன்சருக்குள் இருக்கிறதைப் பிடுங்க முந்நூறு, என்றார்,
சட்டம் வந்தால் திரும்ப மாட்ட ஐந்நூறு.
எனக்கு ரெண்டும் சம்மதம்.

ஐந்து மணிக்கு எல்லாரும் தாழ்வாரத்துக்கு.
மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இரவல் வாங்கிய மீட்டர்,
முற்றத்தில் பறிமுதல் செய்த புல்லட்.
சாவியைத் திருகுமுன் மழை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரை: தொண்ணூற்று ஒன்று.
வண்டி இன்னும் உறுமவே இல்லை.
மழைக்கு நோட்டீஸ் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்க,
சிரிப்பில் தொண்ணூற்று நான்கு.
தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.
மீட்டரை நீயே வீட்டில் வை, யோகமலர், என்றார்கள்,
நனையாமல் பார்த்துக்கொள்.

குக்கர் விசில், எண்பத்தாறு.
மாடிவீட்டு டி.வி., ஐம்பத்திரண்டு.
எல்லாரும் படுத்த பிறகு ஜன்னலோரம் வைத்தேன்.
பதினொன்றே காலுக்கு அவன் போனான்,
யாரென்று தெரியாது, தினமும் போகிறவன்.
நூற்று மூன்று.
முதல் கொண்டை ஊசியில் எழுபது,
மலை மறைத்தால் நாற்பது, விட்டால் மறுபடி ஐம்பது,
எண்ணைப் பார்த்தே
அவன் எந்த வளைவில் சாய்கிறான் என்று சொல்ல முடிந்தது.
பர்லியார்ப் பக்கம் எங்கேயோ கரைந்தான்.
இருபத்தொன்பது.
பனிக்கு அவ்வளவுதான் போல.

காலை பதினோரு மணியிலிருந்து யோசித்துப் பார்த்தேன்.
மற்றவர்கள் எழுதித் தந்ததை வாசித்தது தவிர
நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை.
மீட்டரைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து
என் பெயரைச் சொன்னேன்.
அறுபத்தொன்று.

குடியிருப்புப் பகுதி, இரவு நேர வரம்பு, நாற்பத்தைந்து.
நான்தான் தட்டச்சு செய்தேன், இரண்டு பிரதி.

இன்னொரு தடவை சொன்னேன்.
அறுபத்தெட்டு.