எள் நீளம்

நிலவில்லாத இரவுகளில்தான் வலை கட்டுவார்கள்.
இவிக் கரையில் பாலைவனக் காற்று
மணலையும் மீன் வாடையையும் ஒன்றாக வாரி இறைக்க,
லெம்ஹாபா முழங்கால் சேற்றில் நிற்கிறாள்,
நெற்றியில் விளக்கோடு.
பகலில் மடவை மீனின் வயிற்றிலிருந்து
சினைப்பையைக் கிழியாமல் எடுக்கும் கை.
அந்தக் கைக்காகத்தான்
பறவை பிடிக்கவும் கூப்பிட்டார்கள்.

உள்ளான். குளிர்காலச் சாம்பல் நிறம்.
சூடான ஒரு துடிப்பு,
அதைச் சுற்றிக் கொஞ்சம் இறகு.
தைமீரில் முட்டை உடைத்து வந்தது.
நாலே மாத வயதில்
வழி சொல்ல யாருமில்லாமல்
மவுரித்தேனியா வரை வந்து சேர்ந்திருக்கிறது.

யெல்ட்ஸ்கே அளவுகோலை நீட்டுகிறாள்.
"முப்பது."
"மறுபடி பார்."
முப்பதுதான்.
முப்பத்துமூன்று இருந்திருக்க வேண்டும்.
மூன்று மில்லிமீட்டர்.
ஓர் எள்.

வடக்கே பனி முந்திக் கரைந்துவிட்டதாம்.
பூச்சிகள் முந்திப் பிறந்து
முந்திச் செத்தனவாம்.
குஞ்சு வாய் திறந்தபோது
பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.
பசியோடு வளர்ந்த உடம்பு
மூக்கில் மிச்சம் பிடித்திருக்கிறது.

இங்கே சேற்றுக்குள் சிப்பி
யாருக்காகவும் மேலே வராமல்
தன் ஆழத்திலேயே இருக்கிறது.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
இதற்குக் கையே இல்லை.

அப்போது அது அவள் விரலில் எச்சமிட்டது.
சிப்பி தின்ற பறவையின் எச்சம் நறநறக்கும்,
நொறுங்கிய ஓடு தட்டுப்படும்.
இது பச்சை. வழவழப்பு.
கடற்புல்லின் வேர்க்கிழங்கு.

"புல் தின்கிறது! ஆடு!" என்று சிரித்துவிட்டாள்.
"அப்போ ஜகாத்துக் கணக்கில் சேர்த்துவிடு"
என்றான் பாய்மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்த சிதாத்தி.
யெல்ட்ஸ்கே மட்டும் சிரிக்காமல்
தகவமைப்பு என்று எழுதிக்கொண்டாள்.

என்னவென்று கேட்டு, விளக்கம் வாங்கி,
லெம்ஹாபா அந்தச் சொல்லை
வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள்.
பிடித்திருந்தது.
மடவை வராமலே போன வருஷம்
வெறுஞ்சோற்றில் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிப்
பிள்ளைகளுக்குப் போட்டாளே,
அதற்கும் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

கூடாரத்தில், தேநீரின் மூன்றாம் குவளைக்கு முன்
பதிவேட்டைப் புரட்டினாள்.
இளசுகளின் பத்தியில்
முப்பது, இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பது.
மூத்தவற்றின் பத்தியில்
முப்பத்துநாலு, முப்பத்தைந்து.
எண்கள் இளைக்கவே இல்லை.
"பார், பிற்பாடு வளர்ந்துவிடுகிறது!"

யெல்ட்ஸ்கே தலையாட்டவில்லை.
முதல் குளிர்காலத்துக்கு அப்புறம்
அலகு வளராது, என்றாள்.
பிறகு சர்க்கரை கலக்கும் சத்தம் மட்டும்.

லெம்ஹாபா இரண்டு பத்திகளுக்கும் நடுவே
விரலை வைத்தாள்.
கோடு.
ஸ்கேல் வைத்து மையில் இழுத்த மெல்லிய கோடு.
இத்தனை வருஷமாக
அதற்குள்தான் விழுந்திருக்கின்றன.
நீள மூக்கு நீள மூக்காகவே திரும்பி வருகிறது.
வராததை யார் அளப்பது?

புல் தின்றவற்றில் சில
அடுத்த வருஷமும் வரலாம்.
சில, என்று சொல்லும்போது
யெல்ட்ஸ்கே எப்போதும் பென்சிலைத்தான் பார்ப்பாள்.

விடியலுக்கு முன் கடல் வற்றியது.
கடைசிப் பெட்டியில் அந்த முப்பது.
வளையம் மாட்டிய காலை ஒருமுறை தடவிவிட்டுக்
கையைத் திறந்தாள்.
பறக்கும் என்றுதான் நினைத்தாள்.
அது சேற்றில் நாலடி ஓடி
மூக்கை நட்டது. எடுத்தது. மறுபடி நட்டது,
கண் வரைக்கும் புதைத்து,
நெற்றியால் பூமியை நெட்டித் தள்ளிக்கொண்டு.

ஓர் எள்ளுக்குக் கீழே
சிப்பி
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.