இரவல் மூக்கு

"நாய் நாத்தம் மாடிப்படி வரைக்கும் வருது,"
என்றார் தேவநேசம் அம்மா, வாடகையை எண்ணிக்கொண்டே.
எண்ணி முடித்து, ரப்பர் பேண்ட் போட்டு,
இன்னொரு முறையும் சொன்னார்.

இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
அந்தக் காய்ச்சலில் போன மூக்கு
இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை.
ரசம் எனக்குப் புளித்த வெந்நீர். மல்லிகை வெறும் வெள்ளை.
பஸ் கூவத்தைத் தாண்டும்போது
எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள்.
நானும் பொத்துவேன், ஒரு மரியாதைக்கு.

ஆகவே கேட்டுக் கேட்டுத்தான் சுத்தம்.
எதிர்வீட்டு ஜுலேகா சோபாவை முகர்ந்து
"இங்கே," என்பாள். "இங்கேயும். ஐயோ, இங்கே ரொம்ப."
அவள் சொல்லச் சொல்ல
நான் சாக்பீஸால் வட்டம் போடுவேன்.
வட்டங்களின் மேல் ஆப்பசோடாவைத் தூவி
ராத்திரி முழுக்க விட்டு, விடிந்ததும் பெருக்குவேன்.
கமர்கட் மூலையில் படுத்துப் பார்த்திருக்கும்,
தான் கஷ்டப்பட்டு எழுதியதையெல்லாம்
படிக்கத் தெரியாத ஒருத்தி
அழித்துக்கொண்டிருப்பதை.

ஐப்பசி. நாலு நாளாக அடைமழை.
பெரம்பூர் சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள்.
ஞாயிற்றுக்கிழமை துவைத்த அதன் போர்வை
புதன்கிழமையும் பால்கனியில் சொட்டுகிறது.
"அலசும்போது கொஞ்சம் வினிகர் ஊத்துங்கக்கா,"
என்றான் தீவனக் கடை யுவராஜ்.
"குளிப்பாட்டுறது பெருசில்ல, துவட்டணும்.
அடிமுடியில ஈரம் நின்னா அவ்ளோதான்."

வேப்பேரி ஆஸ்பத்திரியில் டாக்டர்
காதை மடக்கி முகர்ந்தார்.
"பூஞ்சை. புளிச்ச மாவு வாசனை, பாருங்க,"
என்று அந்தக் காதை என் பக்கம் நீட்டினார்.
குனிந்து, இழுத்து, தலையாட்டினேன்.
ஆமாம் டாக்டர். மாவு.
சொட்டு மருந்து எழுதியவருக்கு என் பொய் பிடிபடவில்லை.
கமர்கட்டுக்குப் பிடிபட்டிருக்கும்,
அப்படித்தான் என்னைப் பார்த்தது.

நேற்று ராத்திரி கரண்ட் போயிற்று.
ஹேர் டிரையர் பாதியில் நின்றது.
இருட்டில் துண்டு அகப்படாமல்
பழைய நைட்டியாலேயே துவட்டினேன்:
கழுத்து, வயிறு, வால் தொடங்கும் இடம்,
விரல் இடுக்குகள், ஒவ்வொன்றாக.
பொறுமையிழந்து அது உடம்பை உதறியதில்
சுவர், காலண்டர், என் வாய் எல்லாம் ஈரம்.

அப்போது
ஏதோ.
பக்கத்துத் தெருவில் யாரோ
கதவைத் திறந்து மூடியது போல.
மறுபடி.
ஈரச் சாக்கு. துருப்பிடித்த ஆணி.
இல்லை, ஒப்பு எதற்குத் தேடுவானேன்,
நாய். நனைந்த நாய்.
குமட்டியது.
கடவுளே, என்ன நாத்தம் இது!
தேவநேசம் அம்மா
குறைத்தல்லவா சொல்லியிருக்கிறார்.

கழுத்து முடிக்குள் முகத்தை நுழைத்து
இன்னொரு தடவை இழுத்தேன். இன்னொரு தடவை.
கமர்கட் அசையாமல் நின்றது.
ஒருவர் நம்மை முகரும்போது
எப்படி நிற்க வேண்டுமென்று
நாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

காலையில் காபி மறுபடி வெந்நீர்தான்.
வினிகர் இரண்டு பாட்டில் வாங்கினேன்.
தரையைத் துடைத்தேன், திரையைக் கழற்றி ஊறப்போட்டேன்.
ஜுலேகா வந்து, முகர்ந்து, தேவலை என்றாள்.
"இந்த இடது மூலையை மட்டும் விட்டுட்டியே."

அது இருக்கட்டும் என்றேன்.
கரண்ட் போனால்
சோதித்துப் பார்க்க வேண்டும்.