முடிச்சாச்சு

லாஸ்டிங் செக்‌ஷன் தசரதனிடம் கேட்டேன்:
எண்ணூறு ஜோடியும் என்ன ஆச்சு?
முடிச்சாச்சு மேடம், என்றார்.
அவர் கட்டைவிரலில் பசை இன்னும் பளபளத்தது.

நான் மாடியேறி
பிரேமன் நகரத்து அம்மாளுக்கு எழுதினேன்:
வீ ஹேவ் ஃபினிஷ்டு.
கணினி சிவப்புக் கோடு எதுவும் போடவில்லை.
இலக்கணம் சரி.

மறுநாள் காலை
ராணிப்பேட்டை சிப்காட் கேட்டில்
லாரி வந்து நின்றது.
டிரைவர் இறங்கி ஒரு டீ குடித்தார்.
இன்னொரு டீ.
சாயங்காலத்துக்குள் டீக்கடைக்காரர்
அவரை மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

உள்ளே
முந்நூற்றுப் பன்னிரண்டு இடதுகால்கள்
வலதுகால் வரட்டும் என்று
வரிசையில் நின்றன.

தசரதன் பொய் சொல்லவில்லை.
அதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை என்னால்,
முக்கியமாக எம்.டி. இர்ஃபான் சாருக்கு.
இதோ வந்துட்டேன் என்பவர்
இன்னும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறார்.
தச்சாச்சுக்கா என்கிற டெய்லரிடம்
துணி வெட்டப்படாமல் மடித்தபடி இருக்கிறது.
புறப்படும்போதோ வரேன் என்கிறோம்.
எங்களுக்கு இறந்தகாலம் என்பது
ஒரு நல்ல எண்ணம்.

டிக்கெட் காசு கம்பெனி தரும், படிச்சுட்டு வா, என்றார் சார்.

வேலூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
சனிக்கிழமை வகுப்பு.
பியூலா மேடம் போர்டில் நீளமாக ஒரு கோடு இழுத்து
நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டார்: இது இப்போது.
இந்தப் பக்கம் நடந்தது, அந்தப் பக்கம் நடக்கப்போவது.
நடந்து முடிந்தும் ஈரம் கையில் இருந்தால், ஹேவ்.

எப்போதும் உண்மையானதற்கு உதாரணம் கேட்டார்.
ஆறு ஓடுகிறது, என்றது முன்பெஞ்சு.
பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் வந்திருந்தேன்.
கருவேலம் புதர். ஒரு கிரிக்கெட் மேட்ச். அவுட்டா இல்லையா என்று சண்டை.
கையைத் தூக்கவா என்று யோசித்து
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பக்கத்தில் எஸ்தர் ராணி, ஐசியூ நர்ஸ்,
அயர்லாந்துக்குப் போகிறவள்.
உங்களுக்குச் செருப்பு லேட்டாகும், அவ்வளவுதானே, என்றாள்.
நான் கொடுத்தாச்சுன்னு எழுதிட்டு
கொடுக்காம விட்டா?
இல்ல, கொடுத்துட்டு எழுதாம விட்டா,
அடுத்த ஷிஃப்ட் இன்னொரு ஊசி போடுவா.
அன்று திரும்பும்வரை
அந்த ஊசி என் கையில் குத்திக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் நான் மெயில் எழுதுமுன்
கீழே போய் எண்ணுகிறேன்.

போன வாரம் பிரேமனிலிருந்து பதில்:
முடிந்துவிட்டது என்கிறீர்கள், நன்றி.
இது உங்கள் முடிந்ததா,
மிஸ்டர் தசரதனின் முடிந்ததா?

அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
பேரு கரெக்டா அடிச்சிருக்காங்களா, என்று கேட்டார்.
செக்கிங் மேசைப் பெண்களைக் கூப்பிட்டு
ஜெர்மனியில் தன் பெயரைக் காட்டினார்.

பிறகு தோல் துண்டின் மறுபக்கத்தில்
சாக்பீஸால் எழுதினார்: 740.
மீதி அறுபது எப்ப?
வாயைத் திறந்தார்.
மூடினார்.
ஒரு ஷூவை எடுத்து, ஓரத்தை அழுத்திப் பார்த்து,
பசை காயணும் மேடம், என்றார்.

காயணும்.
அதற்கு இன்னும் பாடம் எடுக்கவில்லை பியூலா மேடம்.