ஆட்டுத்தோல் சுற்றிய மணி

கப்பலில் வந்த பாதிரி
முதலில் மணியைத்தான் இறக்கினாராம்;
மனைவியின் பெட்டி அப்புறம்.

ஓசை எட்டுமட்டும் ஊர் என்றார்.
எட்டியது
பண்ணைக்காரர்களின் திராட்சைத் தோட்டம் வரை.
அங்கே குனிந்திருந்தவர்கள்
நிமிர்ந்து பார்த்தார்கள்.
அதுதான் வழக்கு.
ஆளுநரின் கடிதம் வந்தது:
மணியின் நாக்கில் ஆட்டுத்தோல் சுற்றவும்.

நாற்பது வருடம்
யாரோ தலையணைக்குள் இருமுவதுபோல்
எங்களை ஜெபத்துக்கு அழைத்தது.
செங்கல் அறுத்தோம். எழுத்துக்கூட்டினோம்.
முழுநிலா இரவில் ஆடியதற்காக
யூரி வில்ட்ஸ்கட்டை ஊரைவிட்டு விலக்கினார்கள்.
பதிவேட்டில் அவன் பெயர்மேல் ஒரு கோடு;
கோட்டுக்கு அடியில்
இன்னும் படிக்க முடிகிறது.

பிறகு விடுதலை.
எங்கள் டிசம்பர் கோடை. அன்று மழை.
சட்டி, கோழி, பிள்ளைகளோடு
மலை இறங்கி வந்தார்கள்,
விற்கப்பட்ட மாதத்தையே
குடும்பப் பெயராய்ச் சுமந்தவர்கள்:
செப்டம்பர், ஏப்ரல், பிப்ரவரி.

கட்ரெய்ன் பிப்ரவரி யாரையும் கேட்கவில்லை.
ஏணி சாத்தினாள், வாரை அறுத்தாள்.
அந்தத் தோலில் மகனுக்குச் செருப்பு தைத்தாள்.
ஒற்றைச் செருப்பு.
தோல் அவ்வளவுதான் இருந்தது.

நான் அவள் வழியில் வந்தவன்,
மின்சார மீட்டர் படிப்பவன்.
எந்த வீட்டிலும் இதே கதை:
சுவர் எங்களுடையது, கூரை எங்களுடையது,
தரை இன்னும் திருச்சபையின் பேரில்.

பத்திரம் கேட்டுப் போன மாதமும் கூடினோம்.
நாற்காலி போதவில்லை.
மணி அடித்துத்தான் ஆட்களைக் கூட்டினோம்.

சத்தம் அதிகமாம்.
மலையடியில் விடுமுறை வீடு வாங்கியவர்
புகார் எழுதியிருக்கிறார்.