இருபத்தெட்டு நாள்

என் பெயரில் எழுபத்து மூன்று லட்சம் கிடக்கிறது
ஆஸ்பத்திரி வீதி வங்கியில்.
அருமைத்துரை அண்ணை போட்ட காசு.
மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி.
இருபத்தெட்டு நாள் அசையாமல் கிடக்க வேணும்,
இந்தப் பிள்ளை அங்கே பட்டினி கிடக்காது என்று
விசாக்காரர் நம்புவதற்கு.
காட்சிக்காசு என்று அப்பா பெயர் வைத்திருக்கிறார்.
திருவிழாவுக்குச் சாத்தும் நகை மாதிரி,
சாமி கேட்டாலும் இரவு பெட்டிக்குள் போய்விடும்.

பத்தொன்பதாம் நாள் பெனடிற்றா வந்தாள்.
"அங்க போய் மலிவாத் திரியிறதெண்டால்
இங்கயே ஒருக்காத் திரிஞ்சு பழக வேணும். வா."
அவளுக்கு ஒருமுறை மறுத்தாகிவிட்டது.
நீர் திரும்பி வருவீர் என்பதில் எமக்குத் திருப்தியில்லை
என்ற அந்தக் கடிதத்தை
ஆங்கிலத்தில், பாசையூர் இழுவையோடு, பாடமாகச் சொல்லுவாள்.

சட்டமும் அவள்தான் போட்டாள்:
ஆளுக்கு எழுநூறு ரூபாய். ஓட்டோ இல்லை.
தண்ணீர் வீட்டிலிருந்து.
எதையும் பவுணில் பெருக்கிப் பார்க்கக் கூடாது.

என் பையில் இருநூறுதான் இருந்தது.
பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெஷினில்
ஐந்நூறு எடுத்தேன்.

லண்டன் சுரங்க ரயிலின் நிறங்கள் எனக்குப் பாடம்.
எந்த நிறத்தில் ஏறி எந்த நிறத்துக்கு மாறுவது,
மாணவருக்கு எத்தனை வீதம் கழிவு.
நெடுந்தீவுப் படகு எத்தனை மணிக்கு என்று
கொண்டக்டரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.
இருபத்திரண்டு வயது.
பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் விரிந்தபோது
பெனடிற்றா படம் எடுத்தாள்,
சுற்றுலா வந்தவள் மாதிரி, வாயைத் திறந்துகொண்டு.

படகில் சீமெந்து மூட்டை, கோழித்தீன்,
நாலு பேர் தூக்கி ஏற்றிய ஒரு மோட்டார் சைக்கிள்.
ஒரு ரீச்சர் மடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டே வந்தார்.
அலை தூக்கும்போது சிவப்புப் பேனையும் தூக்கிக்கொள்வார்,
இறங்கியதும் ஒரு பிழை போடுவார்.
எனக்கு வயிற்றைப் புரட்டியது.
கடல் கடப்பது இவ்வளவு வேலை என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

தீவில் நடந்தோம். நடப்பதற்குக் காசில்லை.
பவளக்கல் மதில்கள், ஒன்றின் மேல் ஒன்று,
ஒட்ட எதுவும் இல்லாமல் நின்றன.
குதிரைகள் எங்களைப் பொருட்படுத்தவில்லை.
பெருக்கமரத்தின் பொந்துக்குள் இருந்து
மீன் ரோல்ஸ் ஒன்றை இரண்டாகப் பிய்த்துத் தின்றோம்.
அவளுக்குப் பெரிய பாதி போய்விட்டது என்று
சண்டையும் பிடித்தோம்.

பிறகு அவள் கேட்டாள்:
"எடி, காலமை காசு எந்தக் காட்டில எடுத்தனீ?"

சொன்னேன்.

மண்ணில் குச்சியால் எழுதினாள்.
ஏஜென்சிக்காரன் தந்த தொகை ஒரு வரி.
என் கணக்கில் இருந்தது ஒரு வரி.
இடையில் முந்நூற்று நாற்பது ரூபாய்.
அதிலிருந்து ஐந்நூறைக் கழித்தாள்.
இரண்டு தரம் கழித்தாள்.
"ஒரு ரூபா குறைஞ்சாலும் முதலாம் நாளிலயிருந்துதான்,"
என்றாள். குச்சியை எறியவில்லை.
கையிலேயே வைத்திருந்தாள்.

பத்தொன்பது நாள் வட்டி
தொண்ணூறாயிரத்துக்கு மேல் வரும்.
பவுணில் பெருக்கவில்லை, சட்டம் சட்டம்தான்.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது பசி.
மீதியாக இருந்த நூற்றுப்பத்துக்கு
கச்சான் வாங்கினோம்.

மூன்று மணிப் படகில் ஏறினோம்.
திரும்பி வருவீர்களா என்று
எங்களை ஒருவரும் கேட்கவில்லை.
கடல் காலையைவிட அடங்கியிருந்தது,
அல்லது எனக்குப் பழகிவிட்டது.
பெனடிற்றா என் தோளில் நித்திரை.
கச்சான் கோது அவள் மடியில்.
உள்ளே ஏதோ ஒன்று இலேசாக இருந்தது,
அதற்குப் பெயர் வைக்கப் பயந்து
கரையில் தெரிந்த வெளிச்சங்களை எண்ணினேன்.

வீட்டில் அப்பா சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.
"எப்பிடிப் பிள்ளை தீவு?
போட்டுக்கு எவ்வளவு எடுத்தவங்கள்?"

நான் செருப்பைக் கழற்றினேன்.
ஒரு காலில் இன்னும் உப்பு.
"இருங்கோ அப்பா," என்றேன்,
"கணக்குப் பார்த்துச் சொல்லுறன்."