அன்னாசிக் காந்தம்

கையில் நாலாயிரத்து முந்நூறு டாலர்.
அதில் முந்நூறு, அக்கா புருஷன் வெண்டலுடையது.
ஜெயித்தால் திருப்பித் தரணும்,
தோற்றாலும்தான்.
சட்டைப் பையில் பிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்து வந்த காந்தம்,
பிளாஸ்டிக் அன்னாசிப்பழ வடிவில்.

முதல் வண்டி கோகோமோவில்.
எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கமரோ,
நேற்றுப் பெயின்ட் அடித்தது போல் மினுங்கியது.
நேற்றுத்தான் அடித்திருந்தான்.
பின்சக்கரத்துக்கு மேலே காந்தத்தை வைத்தேன்.
அன்னாசி சறுக்கிப் புல்லில் விழுந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன். விழுந்தது.
கதவுக்கு அடியில். அங்கேயும்.
தகரம் இருக்கவேண்டிய இடமெல்லாம் பட்டி.
டேரில் ஸ்டம்ப் குனிந்து அன்னாசியைப் பொறுக்கி
என் உள்ளங்கையில் வைத்தான், ஒன்றும் சொல்லவில்லை.
கூச்சப்பட வேண்டியவன் அவன்.
பட்டது நான்.

இரண்டாவது, மன்சியில் ஒரு மஸ்டாங்.
அதைப் பற்றி நியாயமாகப் பேச எனக்கு வராது.
மிதித்தேன், முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது,
மக்காச்சோளக் காடு இருபுறமும் ஒரே பச்சைக் கோடாயிற்று.
ஆறு விநாடி,
பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் படுத்தே
பதினெட்டு வருஷம் போனதை மறந்திருந்தேன்.
நிறுத்தினேன். எண்ணெய்க் குச்சியை உருவினேன்.
நுனியில் பால்காபி.
எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான்.
"விலை குறைக்கிறேன்" என்றான்.
யானைக்குக் காசிருந்தது,
அங்குசத்துக்கு இல்லை.
திரும்பும் வழியெல்லாம் வெண்டலோடு பேசவில்லை,
என்னமோ அவன்தான் தண்ணீர் ஊற்றியது மாதிரி.

மூன்றாவதைப் பார்க்கப் போனது
மழை விடட்டும் என்பதற்காகத்தான்.
பெரூ ஊருக்கு வெளியே, வெர்னா டீட்ஸ் வீட்டுக் கொட்டகை.
எழுபத்துநாலு டஸ்டர்,
அவித்த பட்டாணி நிறம், ஒரு ஹப்கேப் இல்லை,
ஆறு சிலிண்டர், பவுலிங் ஆடப் போய் வந்த வண்டி.
பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.
வெண்டல் சிரித்தான்.

நான் அடியில் படுத்தேன்.
அவள் புருஷன் உயிரோடிருந்தவரை
ஒவ்வோர் அக்டோபரும் பழைய எஞ்சின் எண்ணெயை
அடிப்பாகமெங்கும் பூசியிருக்கிறான்.
நாற்பத்தைந்து குளிர்காலத்து உப்பு
அந்தக் கறுப்புப் பிசுக்கைத் தாண்டவில்லை.
அன்னாசி ஒட்டியது.
வைத்த இடத்திலெல்லாம் ஒட்டியது,
பிய்க்க நகம் தேவைப்பட்டது.

கனமில்லாத உடம்பு, கோணாத சட்டம்.
எஞ்சினா?
எங்கள் ஷெட்டின் பின்னால் களையில் கிடக்கிறது ஒரு டாட்ஜ் வேன்,
அதன் வயிற்றில் ஒரு வி-எய்ட்,
முந்நூற்றைம்பது டாலருக்கு யாரும் கேட்காமல்.

"ஆயிரத்து எண்ணூறு" என்றாள் வெர்னா.
"எதற்கு வாங்குகிறாய்?"
வேலைக்குப் போய் வர என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"ரேஸுக்கு. கால் மைல்."
கொட்டகையின் தகரத்தில் மழை கொட்டியது.
"அப்போ பின்சீட்டைக் கழற்றிப் போடு,
நாற்பது பவுண்டு மிச்சம்.
சீட் பூனைக்கு. விலையில் குறைக்க மாட்டேன்."

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை ராத்திரி.
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்,
பச்சை.
பதினைந்து புள்ளி இரண்டு.
பக்கத்து லேனில் ஒரு மினிவேன்,
உள்ளே குழந்தை சீட் கட்டியபடியே,
என்னைத் தாண்டிப் போய் பிரேக் விளக்கைக் காட்டியது.
வெண்டல் வேலியைப் பிடித்துக்கொண்டு
மூச்சு முட்டச் சிரித்தான். முந்நூறு டாலர் சிரிப்பு.
என் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது,
பயத்தால் இல்லை.

ஞாயிறு காலை வெர்னா போன் செய்தாள்.
பூனை அந்தச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்,
துவைக்கும் துணிக் கூடையில்தான் தூங்குகிறதாம்.
வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள் என்றாள்.

நாற்பது பவுண்டு.
வேண்டாம் என்றேன்.