தொண்ணூற்றொரு கிராம்

இடது இறக்கை
கணவாய் வந்த ரெஜிபோம் பெட்டியின் மூடி.
வலது இறக்கை வேறொரு பெட்டி,
அதனால் இரண்டு கிராம் கூட.
அந்த இரண்டு கிராமுக்காக
மூன்று கிழமை சண்டை பிடித்தோம்
நானும் சஜ்மிலாவும்.
கூடின பக்கத்தைச் சுரண்டு என்றாள்.
குறைந்த பக்கத்தில் சில்லறைக் காசு ஒட்டு என்றேன்.
கடைசியில் வெப்பமானியை
ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்தினோம்.
தராசு தொண்ணூற்றொன்றில் நின்றது.

எஞ்சின் இல்லை, விசிறி இல்லை.
விழுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.
எவ்வளவு மெதுவாக விழலாம் என்பதையே
திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தோம்.

முதலாவது சாம்பல்தீவுக் களப்பில் மூக்கால் இறங்கியது.
இரண்டாவதை எழுத விருப்பமில்லை.
மூன்றாவதன் வாலைக் கோட்டையடி மான் ஒன்று
அவசரமில்லாமல் மென்று முடித்தது.
நாலாவது நேவி முகாமுக்குள் போய்
ஒவ்வொரு திருகாணியும் கழற்றப்பட்டு
எண்ணிக் கட்டின பொலித்தீன் பையில் திரும்பி வந்தது.
இது எதைப் பார்க்கிறது என்று
மூன்று மொழியிலும் கடிதம் கேட்டார்கள்.
காற்றை, என்று எழுதிக் கொடுத்தோம்.
மூன்று மொழியிலும் அது பொய் போலத்தான் இருந்தது.
ஐந்தையும் ஆறையும் கடல் வைத்திருக்கிறது.

கேள்வி சின்னது.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
மத்தியானம் கடற்காற்று கரையேறும்போது
கச்சான் எங்கே போகிறது?
ஓய்ந்துவிடுகிறதா,
அல்லது எங்கள் தலைக்கு மேலேயே
சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறதா?
சீனக்குடாவில் ஒரு வெப்பமானி இருக்கிறதுதான்,
ஆனால் அது தரையில் நிற்கிறது.

ஆடி மாதம், பன்னிரண்டே முக்கால், உப்புவெளி.
பட்டம் கச்சானில் கடல் பக்கம் நீண்டு நின்றது,
அதன் வயிற்றில் ஏழாவது.
கட்டின நூலில் ஒரு துண்டு ஊதுபத்தி:
எரிந்து நூலைத் தொட எட்டு நிமிடம்.
கடையில் மல்லிகை மணம் மட்டும்தான் இருந்தது.

ஐந்தாவது நிமிடம்
என் மற்றக் கன்னத்தில் உப்பு பட்டது.
பட்டத்து நூல் கீழே மேற்காக வயிறு தள்ளியது.
மேலே கிழக்குக்கே இழுத்தது.
ஒரே நூலில் இரண்டு காற்று.
சஜ்மிலா ஒன்றும் பேசவில்லை,
நூலைப் பிடித்திருந்த கையை மட்டும்
என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

அறுந்ததை நாங்கள் காணவில்லை.
நாலு நிமிடத்தில் இறங்க வேண்டியது
நாற்பது நிமிடமாகியும் இறங்கவில்லை.
பிறகு தொலைபேசி அடித்தது.
"உங்கட பறவை ஒண்டு
எங்கட வெங்காயப் பாத்திக்குள்ள படுத்திருக்கு.
நம்பர் செட்டையில இருந்தது.
குண்டு இல்லைத்தானே?"
கன்னியா வீதியில் இருந்து பேசுகிறாராம்.

அட்டையைத் திறந்தோம்.
இறக்கம். இறக்கம். முந்நூற்று நாற்பது மீற்றர்.
அதற்குப் பிறகு
அமுக்கம் குறைந்துகொண்டே போகிறது,
அதாவது ஏறுகிறது.
உணரி பழுது என்றாள்.
ஈயப்பற்று விட்டிருக்கும் என்றேன்.
அதைக் கையில் பிடித்தபடி
பாடசாலை மாடிப்படியில் நாலு தரம் ஏறி இறங்கினாள்.
ஒவ்வொரு படியையும் அது சரியாகச் சொன்னது.

ஆகவே ஏறித்தான் இருக்கிறது.
இரண்டு காற்றும் முட்டி நின்ற இடத்தில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர்.
அந்தச் சுவர் நிலத்துக்குள் நகர நகர
அதன் தோளில் சாய்ந்தபடி
விழ மட்டுமே தெரிந்த ஒன்று
இருபத்தேழு நிமிடம் விழவில்லை.
சுவரைத் தாண்டின நொடியில்
மூன்று பாகை குளிர்.

என் வரைபடத்தில் இதற்கு இடமில்லை.
தாளை ஒட்டி நீட்டவேண்டும்.

சஜ்மிலா மீன்சந்தைக்குப் போயிருக்கிறாள்,
இந்தமுறை ஒரே பெட்டியில்
இரண்டு இறக்கையும் வெட்டவேண்டுமாம்.
மேசையில் ஏழாவது.
மூக்கில் வெங்காயப் பாத்தியின் மண்.
கிட்டப் போனால்
கொஞ்சம் கணவாய் மணக்கிறது,
கொஞ்சம் மல்லிகை.